ஒண்ணாம் தேதி வரைக்கும்

செல்வி: கிரைண்டரை எழுதலையே நீங்க.

சபரி: கிரைண்டரையெல்லாமா எழுதுவாங்க, செல்வி? லாயர் ஆபீஸ்ல கொடுக்கற பேப்பர் இது.

செல்வி: எங்கம்மா ஈரோட்டுல இருந்து ஃப்ளைட்ல தூக்கிட்டு வந்தது. கஸ்டம்ஸ்ல நிறுத்தி இது என்ன மெஷினுன்னு கேட்டப்போ, மாவாட்டற மாதிரி கையைச் சுத்திச் சுத்திக் காட்டுனாங்களாம்.

சபரி: தெரியும், தெரியும். இந்தா, எழுதிட்டேன். கிரைண்டர் ஒண்ணு... உனக்கு.

செல்வி: எனக்கு எதுக்கு? தோசை இல்லாம இருக்க முடியாதது நீங்க.

சபரி: தனியாப் போனப்புறம் நான் உக்காந்து மாவாட்டுவேனாக்கும். ஓக் ட்ரீ ரோட்ல கடைக்குக் கடை மாவு பாக்கெட் விக்குது.

செல்வி: எல்லாம் புளிச்ச மாவு.

சபரி: புளிச்சாப் பரவால்ல. டீயைக் குடி, ஆறுது.

செல்வி: ஹீட்டரைக் கொஞ்சம் கொறைங்க. கண்ணாடி பூரா ஆவி படியுது. பிரியாவுக்கு டான்ஸ் கிளாஸ் எப்ப முடியும்?

சபரி: நாலுக்கு. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள இந்த லிஸ்டை முடிச்சுடணும். வீட்டுல பேசுனா அவ படிக்கட்டுல வந்து உக்காந்துக்கறா.

செல்வி: அன்னிக்கு என்கிட்ட வந்து, போஸ்ட்நப்னா என்னம்மான்னு கேட்டா. பதினோரு வயசு. கூகுள் பண்ணிப் பார்த்திருக்கா.

சபரி: நீ என்ன சொன்ன?

செல்வி: கல்யாணம் ஆனப்புறம், எது யாருக்குன்னு ரெண்டு பேரும் எழுதி வெச்சுக்கறது, அப்பா அம்மா பணத்துக்காகச் சண்டை போடாம இருக்கன்னு சொன்னேன். "யூ கைஸ் டோன்ட் ஈவன் டாக், ஹவ் வில் யூ ஃபைட்"னு சொல்லிட்டுப் போயிட்டா. படிங்க. அடுத்தது என்ன?

சபரி: பெரிய கார் உனக்கு. இந்த ஓட்டைக் கார் எனக்கு. வீடு... தாமரைச்செல்வி சபரிநாதன். முழுசும்.

செல்வி: ம்.

சபரி: என்னோட ரிடையர்மென்ட் பணம், அதுவும் உனக்கு. ஒன்பதாம் பக்கம்.

செல்வி: பார்த்தேன். போன வாரமே டிராஃப்ட் வந்துச்சே.

சபரி: பார்த்தியா? ஒண்ணும் சொல்லலையே நீ.

செல்வி: சொல்ல என்ன இருக்கு... என் லாயர் அம்மா நல்லதுன்னுதான் சொன்னாங்க. முதல்ல பாதிப் பாதின்னு பேசுனோம், அப்புறம் நீங்களா மாத்துனீங்க. உங்க லாயர் ஒண்ணும் கேக்கலையா?

சபரி: யாரு, கோபாலசாமி சாரா? அவரு கேக்காம விடுவாரா? ரூம் கதவைச் சாத்திட்டு, கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, அது வரைக்கும் இங்கிலீஷ்ல பேசிட்டு இருந்தவரு தமிழுக்கு மாறிட்டாரு. தம்பி, வீட்டுல யாராவது மிரட்டறாங்களான்னாரு.

செல்வி: என்னது?

சபரி: ஆமா சார், பூரிக்கட்டையோட நிக்கறாங்கன்னு சொன்னேன்.

செல்வி: விளையாடாதீங்க.

சபரி: அவரும் சிரிக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி போடற பேப்பர் வேற, குடும்பம் நடத்திட்டு இருக்கறப்போ போடற பேப்பர் வேற, நியூ ஜெர்சில ஜட்ஜு இதை ரொம்பக் கிளறிப் பார்ப்பாருன்னு சொன்னாரு. ஒருத்தருக்கே எல்லாம் போகுதுன்னா, இவன் புத்தியோடதான் கையெழுத்துப் போட்டானான்னு கேப்பாங்களாம். அதனால காரணம் எழுதிக் குடுங்கன்னாரு. ரெண்டு வரி போதுமாம்.

செல்வி: எழுதுனீங்களா?

சபரி: எங்க... அந்த எடம் காலியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்து. அதுக்குள்ள எழுதணும்.

செல்வி: என் லாயர் வேற மாதிரி கேட்டாங்க. இவ்வளவு தெளிவாப் பிரிக்கறீங்களே, அப்புறம் ஏன் டிவோர்ஸ் பண்ணலைன்னு.

சபரி: நீ என்ன சொன்ன?

செல்வி: உள்ளதைத்தான் சொன்னேன். என் விசா அவரு விசாவோட ஒட்டிக்கிட்டு இருக்கு, டிவோர்ஸ் ஆச்சுன்னா எனக்கு வேலையும் போச்சு, இந்த ஊர்ல இருக்கவும் முடியாது, பொண்ணு இங்க பொறந்தவ, அவளை எங்க கூட்டிட்டுப் போறதுன்னேன். கிரீன் கார்டு எப்ப வரும்னாங்க. ஆறு வருஷம் ஆகலாம், பத்தும் ஆகலாம், வந்தப்புறம் பிரிஞ்சுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம்னேன்.

சபரி: அதுக்கு?

செல்வி: பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. அது வரைக்கும் ஒரே வீட்டுல எப்படிம்மா இருப்பீங்கன்னாங்க. நான் மேல, அவரு பேஸ்மென்ட்லன்னேன். மூணு வருஷமா அப்படித்தான் இருக்கோம், பழகிப் போச்சுன்னேன்.

சபரி: பழகிப் போச்சுன்னா சொன்ன?

செல்வி: வேற என்ன சொல்ல... பேஸ்மென்ட்ல குளிருதுன்னு பிரியா சொன்னா. நெஜமாவா?

சபரி: அதெல்லாம் ஒண்ணுமில்ல. கம்பளி இருக்கு.

செல்வி: அந்தச் சின்ன ஹீட்டரை எடுத்துட்டுப் போங்களேன். மேல சும்மாதான கெடக்கு.

சபரி: சும்மா கெடக்கட்டும். அடுத்தது பார்க்கலாம். பதினோராம் பக்கம். பிரியா காலேஜுக்குன்னு போடற கணக்கு. ரெண்டு பேரும் சரிபாதியாக் கட்டறதுன்னு போட்டிருக்கு. சரிதான?

செல்வி: சரி. அதுக்குக் கீழ?

சபரி: கீழ... ஒண்ணுமில்ல. பன்னெண்டாம் பக்கம்...

செல்வி: கையை எடுங்க. என்னமோ இருக்கே.

சபரி: செல்வி, இது நான் குடுத்ததில்ல. எந்தக் கணக்கையும் மறைக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரை வெச்சு அவங்களே தேடி எடுத்திருக்காங்க. நீ பார்க்க வேண்டாம். நானே என்னமாவது எழுதிக்கறேன்.

செல்வி: காட்டுங்க.

சபரி: வேண்டாம்னா கேளேன்.

செல்வி: ...கதிர்வேல் சபரிநாதன்.

சபரி: குடு இங்க.

செல்வி: வயசு பதினெட்டுன்னு போட்டிருக்கு.

சபரி: கம்ப்யூட்டர்தான. அதுக்கு என்ன தெரியும்? வருஷா வருஷம் அதுவாக் கூட்டிக்கிட்டே போகும்.

செல்வி: இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருப்பான்.

சபரி: ம்.

செல்வி: இதை நீங்க க்ளோஸ் பண்ணிட்டீங்கன்னு நெனச்சிட்டு இருக்கேன். அன்னிக்கே சொன்னீங்களே.

சபரி: க்ளோஸ் பண்றதுன்னா டெத் சர்டிபிகேட் அனுப்பணும். காப்பி எடுத்து, கவர்ல போட்டு, ஸ்டாம்பு கூட ஒட்டிட்டேன்.

செல்வி: அப்புறம்?

சபரி: உன் முழங்காலுக்கு முன்னாடி இருக்கற டப்பாவுலதான் இருக்கு.

செல்வி: இதுலயா? மூணு வருஷமாவா?

சபரி: தொறக்காத. ட்ரெயினுக்குப் போறப்போ தெனமும் போஸ்ட் ஆபீஸைத் தாண்டித்தான் போறேன்... தாண்டித் தாண்டிப் போயிடுது. அழாத. அந்தக் குஜராத்தி அம்மா வேற அவங்க கார்ல இருந்து நம்மளையே பார்க்குது. இந்தா, துடைச்சுக்கோ.

செல்வி: மீதியையும் படிச்சு முடிங்க. யாருக்குன்னு போட்டிருக்கு இதை?

சபரி: உனக்குத்தான். எல்லாத்தோடயும் சேர்த்து. வேணும்னா பிரியா பேருக்கு மாத்திக்கோ, சட்டப்படி மாத்தலாம்.

செல்வி: லாயருக்குக் காரணம் எழுதணும்னீங்களே. என்ன எழுதப் போறீங்க?

சபரி: என்ன எழுத... என் பையன் சாவுக்கு நான்தான் காரணம், அதனால எல்லாத்தையும் அவன் அம்மாவுக்குக் குடுக்கறேன்னு எழுதட்டுமா? ரெண்டு வரிதான வரும்.

செல்வி: அப்படிப் பேசாதீங்க.

சபரி: நீ பேசுனதுதான. ஆஸ்பத்திரி காரிடார்ல, நம்ம ஃப்ரெண்டு சேனாபதி, அவன் வொய்ஃப், அவ்வளவு பேரு நிக்கறாங்க. காசைப் பார்த்து என் பையனைக் கொன்னுட்டீங்களேன்னு கேட்ட. நான் தப்பாச் சொல்லல, செல்வி. அது உண்மைதான். பழைய காண்ட்ராக்ட் செப்டம்பர் பதினஞ்சாம் தேதியோட முடிஞ்சுது. புதுக் கம்பெனில இன்ஷூரன்ஸ் அக்டோபர் ஒண்ணாம் தேதிலதான் ஆரம்பம். நடுவுல பதினஞ்சே நாள். நாலு பேரும் நல்லாத்தான இருக்கோம், பதினஞ்சு நாள்ல என்ன ஆயிடும்னு நெனச்சேன்.

செல்வி: போதுங்க...

சபரி: முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. நான் வேலையில இருந்து வர்றேன், சோபாவுல சுருண்டு படுத்திருக்கான். வயிறு வலிக்குதுப்பான்னான். நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டுது. எமர்ஜென்சிக்குப் போனா இன்ஷூரன்ஸ் இல்லாம எவ்வளவு ஆகும்னு எனக்குள்ள ஒரு கணக்கு ஓடுது பாரு... அதை இன்னும் என்னால மறக்க முடியல. நாளைக்கு ஒண்ணாம் தேதிடா, காலைல மொத வேலையாக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். ஓகே டாட்னான். பிடிவாதம் பிடிக்கற பையன் அவன். அன்னிக்கு ஓகேன்னுட்டான். ராத்திரி பன்னெண்டு அடிச்சா ஒண்ணாம் தேதிதான, செல்வி? பன்னெண்டு ஒண்ணுக்குக் கிளம்பியிருக்கலாம். கார் சாவி என் கைக்கிட்டதான் இருந்துச்சு. நான் தூங்கிட்டேன். நாலு மணிக்கு நீ வந்து எழுப்பறப்போ அவன் பாத்ரூம்ல விழுந்து கெடந்தான்.

செல்வி: டாக்டர் சொன்னாரே. அப்பெண்டிக்ஸ் எப்பவோ வெடிச்சிருக்கும், ரத்தத்துல கலந்துருச்சுன்னு...

சபரி: அவரு ஆறுதலுக்குச் சொல்லுவாரு. பழைய ஆபீஸ்ல கூட இருந்த சாய்ராம், கதிர் காரியத்துக்கு வந்தப்போ என்ன சொன்னான் தெரியுமா? அந்தப் பதினஞ்சு நாளுக்குப் பழைய இன்ஷூரன்ஸையே பின்னாடி பணம் கட்டி எடுத்துக்கலாமாம். அறுபது நாள் டைம் இருக்காம். அந்த லெட்டர் வீட்டுக்கு வந்திருக்கு. நான் பிரிக்கவே இல்ல. எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன், அப்படித்தான் போட்டிருக்கு.

செல்வி: இதை என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க.

சபரி: சொல்லி? நீ பேசிட்டு இருந்தியா என்கூட? விடு. அதனாலதான் சொல்றேன். வீடு, பணம் எல்லாம் நீ வெச்சுக்கோ. எனக்கு எதுவும் வேண்டியதில்ல. இந்த இடத்துல இனிஷியல் போடு. பேனா இந்தா.

செல்வி: இந்தக் கணக்கை என் பேர்ல போடாதீங்க.

சபரி: ஏன்? பிரியாவுக்காவது...

செல்வி: பிரியாவுக்கும் வேண்டாம். உங்க பேர்லயே இருக்கட்டும்.

சபரி: சரி. இது மட்டும் என் பேர்ல. அப்புறம்?

செல்வி: வீடும் வேண்டாம். பழையபடி பாதிப் பாதின்னே மாத்திடுங்க.

சபரி: என்ன செல்வி நீ... திங்கக்கிழமை கையெழுத்து. இப்பப் போய் மாத்துன்னா லாயர் ரெண்டு பேரும் என்னன்னு கேப்பாங்க.

செல்வி: கேக்கட்டும்.

சபரி: நான் என்ன பதில் சொல்ல?

செல்வி: அவளே வேண்டாம்னுட்டான்னு சொல்லுங்க.

சபரி: ஏன் வேண்டாம்னான்னு கேப்பாரே கோபாலசாமி சார்.

செல்வி: விடுங்களேன்...

சபரி: சொல்லு. ஏன்?

செல்வி: நீங்க வெள்ளிக்கிழமைலயே ஆரம்பிக்கறீங்க.

சபரி: எதை?

செல்வி: கதிருக்கு வலி வந்ததை. வெள்ளிக்கிழமை இல்லைங்க. வியாழக்கிழமையே வந்துருச்சு. ஸ்கூல் விட்டு வந்தான். நான் லேப்டாப் முன்னாடி மீட்டிங்ல இருந்தேன். வந்து பக்கத்துல நின்னான். தொப்புள் கிட்ட வலிக்குதும்மான்னான். மைக்கை அமுத்திட்டு, என்னடா தின்னேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னான். ஒரு மாத்திரை குடுத்தேன், வெந்நீர் பேக் வெச்சுப் படுன்னேன். சாயங்காலம் வாந்தி எடுத்தான். அப்பவே எனக்கு என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. ஆனா...

சபரி: ம்.

செல்வி: நானும் அதே கணக்குதான் போட்டேன். ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோடா கண்ணு, இன்னும் ரெண்டே நாள், இன்ஷூரன்ஸ் வந்துடும்னேன். அப்பா புது வேலையில ஏற்கனவே டென்ஷன்ல இருக்காரு, அவருகிட்ட சொல்லாதேன்னேன். பதினஞ்சு வயசுப் பையன். சரிம்மான்னான். வெள்ளிக்கிழமை காலைல வலி கொறைஞ்சிருச்சுன்னான். டெஸ்ட் இருக்குன்னு ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன். வலி நின்னப்போதான் அது வெடிச்சிருக்கும்னு அந்த டாக்டர் சொன்னாரு. நீங்க ஃபார்ம் எழுதப் போயிருந்தீங்க. என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. அன்னிக்குக் காரிடார்ல உங்களைப் பார்த்ததும் இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா. என் வாயில வந்தது வேற. சேனாபதி வொய்ஃப் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. எல்லாரும் உங்களைப் பார்த்தாங்க. நீங்க தலையைக் குனிஞ்சு நின்னீங்க. அப்புறம் எப்படிங்க சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு... நீங்க பெட்ஷீட்டை எடுத்துக்கிட்டுக் கீழ போனப்போ கூட மாடில நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். வீட்டை எனக்குக் குடுக்கறீங்க. உங்க உழைப்பு மொத்தத்தையும் குடுக்கறீங்க. அவன் பேரைப் பார்த்தப்புறம் என்னால அந்த இனிஷியல் போட முடியலைங்க.

சபரி: ...

செல்வி: என்னமாவது பேசுங்க. திட்டுங்க. அப்படியே முன்னாடி பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க.

சபரி: தெரியும்.

செல்வி: என்ன தெரியும்?

சபரி: வியாழக்கிழமை. மாத்திரை. வெந்நீர் பேக்.

செல்வி: யாரு... யாரு சொன்னாங்க?

சபரி: அவன்தான். ஆம்புலன்ஸ்ல ஒருத்தர்தான் ஏறலாம்னாங்க, நீ பிரியாவை எடுத்துக்கிட்டுக் கார்ல வந்த. என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தான். வாயில மாஸ்க் இருக்கு, அதைத் தள்ளிட்டுச் சொன்னான். நேத்திக்கு முந்தின நாளே அம்மாகிட்ட சொல்லிட்டேம்ப்பா, ப்ளீஸ், அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்கன்னான். சொல்ல மாட்டேன்டான்னேன். அப்புறம் அவன் பேசல.

செல்வி: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா... மூணு வருஷமா நான் உங்களைச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு...? ஏங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்னை?

சபரி: அவனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே. ஆனா நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன், செல்வி. நீ சொல்லிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுட்டு, பெட்ஷீட்டை எடுத்துக்கிட்டு மேல வந்துடலாம்னு இருந்தேன். வீட்டையும் பணத்தையும் உன் பேருக்கு மாத்துனது கூட அதுக்குத்தான். இவ்வளவையும் வாங்கிக்க இவளால முடியாது, இப்பவாவது சொல்லிடுவான்னு நெனச்சேன். போன வாரம் நீ அந்த டிராஃப்டைப் படிச்சு முடிச்சுட்டு, கையெழுத்து என்னிக்குன்னு கேட்ட. அன்னிக்கு வரைக்கும் காத்துட்டுத்தான் இருந்தேன்.